கம்பெனி சர்வீஸா, வெளி கேரேஜா? காரை விற்கும்போது எது காசாகிறது

2 மார்ச் 2025 (வந்த கேள்வி)

அண்ணா, பெங்களூரு ஒயிட்ஃபீல்டில் இருக்கிறேன். 2021 மார்ச்சில் வாங்கிய என் பெட்ரோல் கார் இதுவரை 41,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. எக்ஸ்டெண்டட் வாரன்டி 2026 மார்ச் வரை இருக்கிறது. இந்த ஆண்டு சர்வீஸுக்குக் கம்பெனி சர்வீஸ் சென்டரில் 14,200 ரூபாய் எஸ்டிமேட் கொடுத்திருக்கிறார்கள். வீட்டுக்குப் பக்கத்துக் கேரேஜில் அதே வேலையை 6,500 ரூபாய்க்குச் செய்து தருவதாகச் சொல்கிறார்கள். “வெளியே விட்டால் வாரன்டி போய்விடும், விற்கும்போது 50,000 ரூபாய் குறையும்” என்கிறார் சர்வீஸ் அட்வைசர். இது உண்மையா, பயமுறுத்தலா?

3 மார்ச் 2025

தம்பி, இரண்டு கேள்விகளை அவர் ஒன்றாக முடிச்சுப் போட்டிருக்கிறார். முதலில் அந்த முடிச்சை அவிழ்த்துவிடலாம்.

வாரன்டி விஷயத்தில் அவர் சொல்வது சரி. வாரன்டி முடியும்வரை வெளியே கை வைத்தால் அது முழுவதும் ரத்தாகிவிடும். ஆகவே 2026 மார்ச் வரை கம்பெனியிலேயே விடுங்கள்.

50,000 ரூபாய் கணக்கை நான் நம்பவில்லை. என் கார் 2016 ஆகஸ்டில் வாங்கியது. நான்கு சிலிண்டர், 1.2 லிட்டர் பெட்ரோல், இந்திராநகர் ஆர்.டி.ஓ.வின் கேஏ-03 பதிவு. ஐந்து ஆண்டுகள் ஒன்றுவிடாமல் கம்பெனியில் சர்வீஸ் செய்தேன். 2022இலிருந்து, கிருஷ்ணகிரியிலிருந்து வந்து இருபது ஆண்டுகளாக இங்கே தொழில் செய்யும் ஒரு மெக்கானிக்கிடம் விடுகிறேன். காரின் விலையை ஆண்டு, ஓடிய தூரம், எத்தனையாவது ஓனர், மாடல், இடித்துப் பழுது பார்த்த தடம் ஆகிய ஐந்துமே முடிவு செய்கின்றன என்பதும், எங்கே ஆயில் மாற்றினீர்கள் என்று கேட்டு ஒருவரும் ஒரு ரூபாய்கூடக் கூட்டித் தரமாட்டார்கள் என்பதும் என் எண்ணம்.

3 மார்ச் 2025, இரவு

மேலே “ஒருவரும்” என்று எழுதியது கொஞ்சம் அவசரம். என் காரை நான் இன்னும் விற்றுப் பார்க்கவில்லை. இந்த ஆண்டு விற்கப் போகிறேன். அப்போது என்ன நடக்கிறது என்பதை இங்கேயே எழுதுகிறேன்.

9 மார்ச் 2025

பழைய பில்களை மேசையில் பரப்பிக் கணக்குப் போட்டேன். 2022 ஆகஸ்டு, 2023 செப்டம்பர், 2024 ஆகஸ்டு என்று மூன்று முறை வெளியே சர்வீஸ் செய்திருக்கிறேன். செலவு முறையே 4,600, 5,100, 9,800 ரூபாய். மூன்றாவதில் முன் பிரேக் பேடும் கூலண்டும் சேர்ந்திருந்தன. மொத்தம் 19,500. ஒவ்வொரு முறையும் கம்பெனியிலும் எஸ்டிமேட் கேட்டு வைத்திருந்தேன்: 8,900, 9,400, 16,200. மொத்தம் 34,500. ஆக மூன்று ஆண்டுகளில் மிச்சமானது 15,000 ரூபாய்.

இந்த வித்தியாசம் எங்கிருந்து வருகிறது என்று வரிவரியாகப் பார்த்தால், ஆயிலிலும் ஃபில்டரிலும் பெரிய இடைவெளி இல்லை. லேபர் கட்டணம் ஏறத்தாழ இருமடங்கு. அதற்குமேல் எஸ்டிமேட்டின் கடைசியில் ஒரு கூட்டம் நிற்கிறது: எஞ்சின் ஃபிளஷ், த்ராட்டில் பாடி கிளீனிங், ஏசி கிருமிநீக்கம், எஞ்சின் டிரெஸ்ஸிங், பெட்ரோலில் ஊற்றும் அடிட்டிவ். இவற்றில் பெரும்பாலானவை காரோடு தரப்படும் கையேட்டின் பராமரிப்பு அட்டவணையிலேயே இருக்காது. தம்பி, உங்கள் 14,200 ரூபாய் எஸ்டிமேட்டையும் கையேட்டின் அந்தப் பக்கத்தையும் அருகருகே வைத்துப் பாருங்கள். அட்டவணையில் இல்லாததை வேண்டாம் என்று சொல்ல உங்களுக்கு முழு உரிமை உண்டு. அதற்காக வாரன்டியை யாரும் பறிக்க முடியாது.

11 மார்ச் 2025

தம்பி பார்த்துவிட்டு எழுதியிருக்கிறார்: அட்டவணையில் இல்லாத நான்கு வேலைகளை நீக்கச் சொன்னதும் 14,200 ரூபாய் 9,350 ஆகிவிட்டதாம். கம்பெனியா வெளியா என்று தீர்மானிப்பதற்கு முன்பே, பேனாவை எடுத்து நான்கு வரிகளை அடித்ததில் கிட்டத்தட்ட ஐயாயிரம் ரூபாய் மிச்சம்.

22 மார்ச் 2025

கம்பெனி ரெக்கார்டு என்றாலே நம்பகம் என்று பலர் சொல்வதைக் கேட்கும்போது எனக்கு நினைவுக்கு வரும் ஒன்றைச் சொல்ல வேண்டும்.

2022 ஆகஸ்டில் முதன்முறையாக வெளி கேரேஜில் விட்டபோது, மெக்கானிக் டேஷ்போர்டின் இடப்பக்கத்துப் பெட்டியைக் கழற்றி, அதன் பின்னாலிருந்த ஏசி ஃபில்டரை வெளியே இழுத்தார். அது கருத்து, ஓரங்கள் நைந்து, நடுவில் ஒரு வேப்பிலைச் சருகு ஒட்டிக்கொண்டு வந்தது. அவர் அதைத் திருப்பி, சட்டத்தின் ஓரத்தில் அச்சிட்டிருந்த தயாரிப்பு மாதத்தைத் துணியால் துடைத்துக் காட்டினார்: 03/18. “சார், இது எப்ப மாத்தினதுன்னு பில்லுல பாருங்க” என்றார். என் கோப்பில் 2019லும் 2021லும் ஏசி ஃபில்டர் மாற்றியதாக இரண்டு கம்பெனி பில்கள் இருந்தன. இரண்டுக்கும் நான் பணம் கட்டியிருக்கிறேன். 2018இல் செய்த ஃபில்டர் 2019இல் பொருத்தப்பட்டது என்று வைத்துக்கொண்டால்கூட, 2021ஆம் ஆண்டு பில்லுக்கு விளக்கமே இல்லை.

அந்த சர்வீஸ் சென்டரின் பெயரை எழுதப் போவதில்லை. ஒரு பணியாளரின் தவறாக இருக்கலாம். ஆனால் அன்றிலிருந்து ஒரு பழக்கம் வைத்துக்கொண்டேன்: கழற்றிய பழைய பாகத்தையும், புதிய பாகம் வந்த காலி அட்டைப்பெட்டியையும் கேட்டு வாங்கிப் பார்க்கிறேன். இரண்டையும் அருகருகே வைத்து ஒரு படம் எடுத்துக்கொள்கிறேன். பெட்டியில் பாக எண்ணும், ஹாலோகிராமும், விலையும் இருக்கும்.

23 மார்ச் 2025

நேற்று எழுதியதை வைத்து வெளி கேரேஜ்தான் நேர்மையானது என்று யாரும் முடிவு கட்ட வேண்டாம். 2023 செப்டம்பரில் என் மெக்கானிக்கிடம் புதிதாகச் சேர்ந்த பையன் ஆயில் இறக்கும் போல்ட்டை அளவுக்குமேல் இறுக்கி, மரையை வழுக்க வைத்துவிட்டான். இரண்டு வாரத்தில் வீட்டு வாசலில் ரூபாய் நாணய அளவுக்கு ஆயில் கறை. மெக்கானிக் தன் செலவிலேயே மரை போட்டு, ஆயிலும் புதிதாக ஊற்றிக் கொடுத்தார். அதற்குப் பில் எதுவும் இல்லை. அதாவது, செய்யாத வேலைக்குப் பில் ஓரிடத்தில் இருக்கிறது. செய்த வேலைக்குப் பில் இல்லாமை இன்னோரிடத்தில் இருக்கிறது. வாங்க வருபவரின் பார்வையில் என் காரின் வரலாறு இந்த இரண்டு கோணல்களோடுதான் இருக்கும்.

6 ஏப்ரல் 2025 (திருத்தம்)

மார்ச் 3ஆம் தேதிக் குறிப்பில், வெளியே கை வைத்தால் வாரன்டி முழுவதும் ரத்தாகும் என்று அடித்துச் சொல்லியிருந்தேன். அது தவறு. ஒரு நண்பர் சுட்டிக்காட்டினார், படித்துப் பார்த்தேன்.

2011இல் இந்தியப் போட்டி ஆணையத்தின் முன் ஒரு புகார் வந்தது. கார் நிறுவனங்கள் உதிரிபாகங்களையும், பழுது கண்டறியும் கருவிகளையும் தங்கள் டீலர்களுக்கு மட்டும் கொடுத்து, வெளி மெக்கானிக்குகளுக்குக் கிடைக்காமல் செய்கின்றன என்பது குற்றச்சாட்டு. விசாரணை விரிந்து, 2014 ஆகஸ்டு 25இல் ஆணையம் 14 நிறுவனங்களுக்குச் சேர்த்துச் சுமார் 2,545 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. அபராதத்தை எதிர்த்து மேல்முறையீடுகள் நடந்தன என்பது வேறு கதை. நமக்கு வேண்டியது அந்த ஆணையில் உள்ள ஒரு கட்டளை: வெளியே வேலை பார்த்தார் என்ற ஒரே காரணத்துக்காக வாரன்டியை ஒட்டுமொத்தமாக ரத்து செய்யும் நிபந்தனையை விதிக்கக் கூடாது, வெளியில் நடந்த தவறான வேலையால் என்ன கெட்டதோ, அந்த அளவுக்கு மட்டுமே மறுக்கலாம்.

அப்படியானால் தம்பிக்குச் சொன்ன அறிவுரையை மாற்றிக்கொள்கிறேனா? இல்லை. அவரிடம் இப்போது இருப்பது தனியாகப் பணம் கொடுத்து வாங்கிய எக்ஸ்டெண்டட் வாரன்டி; அது தனி ஒப்பந்தம், அதன் நிபந்தனைகளை வாசிக்க வேண்டும். மேலும், ஏசி கம்ப்ரஸரோ ஸ்டீரிங் மோட்டாரோ போய்விட்ட ஒரு நாளில், சர்வீஸ் சென்டர் கவுன்டரில் நின்று ஆணையத்தின் உத்தரவை எடுத்துக்காட்டி வாதாடி வெல்வதற்கு ஆகும் நேரத்தையும் அலைச்சலையும் நினைத்தால், ஓராண்டுக்கு 3,000 ரூபாய் கூடுதலாகக் கட்டுவது நிம்மதி. காரணம் தவறாக இருந்தது. முடிவு அப்படியே நிற்கிறது.

18 மே 2025

டர்போ டீசல், டூயல் கிளட்ச் ஆட்டோமேட்டிக் (இரண்டு கிளட்ச் கொண்டு தானாகக் கியர் மாற்றுவது), ஹைப்ரிட், மின்வண்டி வைத்திருப்பவர்களும் கேட்கிறார்கள். என் அனுபவம் முழுவதும் ஒரு எளிய பெட்ரோல் காரைப் பற்றியது என்பதை மறக்க வேண்டாம். கையால் கியர் போடும், டைமிங் செயின் உள்ள, டர்போ இல்லாத எஞ்சினில் ஆயில், ஃபில்டர், பிளக், பிரேக், கூலண்ட் என்று ஐந்தாறு வேலைகளே. பட்டறையில் பத்து ஆண்டு நின்ற யாரும் அவற்றைச் செய்துவிடுவார்கள்.

டூயல் கிளட்ச் கியர்பாக்ஸுக்கு அதற்கென்றே உள்ள ஆயிலும் சாஃப்ட்வேரும் வேண்டும். அதை வாங்க வருபவர் முதலில் பயப்படுவதே அந்தக் கியர்பாக்ஸைத்தான். மின்வண்டியிலும் ஹைப்ரிடிலும் பேட்டரிக்கு 8 ஆண்டு அல்லது 1,60,000 கிலோமீட்டர் என்று வாரன்டி கொடுக்கும் நிறுவனங்கள் பல. விற்கும்போது உங்கள் கையில் இருக்கும் மிகப் பெரிய சொத்தே மிச்சமிருக்கும் அந்த வாரன்டிதான். அது இரண்டாம் ஓனருக்கு எப்படிப் போகும், இடையில் எந்தச் சோதனையைத் தவறவிட்டால் போகாது என்பதையெல்லாம் வாரன்டிப் புத்தகத்தில் வாசித்துவிட்டு முடிவெடுங்கள். இவ்வகைக் கார்களுக்குக் கம்பெனிப் பதிவு விலையைத் தாங்கும் என்றே நினைக்கிறேன்.

இன்னொன்று: ரீகால். எங்கே சர்வீஸ் செய்தாலும், தயாரிப்புக் குறைக்காக நிறுவனம் திரும்ப அழைத்தால் வேலை இலவசம். வெளியே விடுபவர்களுக்கு அந்த அழைப்பு எட்டாமல் போவதுண்டு. ஆண்டுக்கு ஒருமுறை சேஸிஸ் எண்ணை நிறுவனத்தின் இணையதளத்தில் போட்டுப் பாருங்கள்.

12 ஜூலை 2025

டெல்லி மயூர் விஹாரில் இருக்கும் என் மைத்துனர் இதையெல்லாம் படித்துவிட்டு, “மாமா, எங்க ஊர்ல டீசல் காருக்கு எந்தக் கோப்பும் உதவாது” என்றார். உண்மை. 2014-15இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் டீசலுக்கு 10 ஆண்டு, பெட்ரோலுக்கு 15 ஆண்டு என்று எல்லை போட்டது. 2018இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. ஒன்பதாம் ஆண்டில் நிற்கும் டீசல் காரை வெளிமாநிலத்துக்கு என்.ஓ.சி. (தடையில்லாச் சான்று) வாங்கி விற்பதே 2025 ஜூலை நிலவரப்படி அங்கே வழி. ஊர் மாறினால் விலையின் இலக்கணமும் மாறுகிறது. நான் எழுதுவது பெங்களூருக் கணக்கு.

நேற்று கடைசி சர்வீஸ் முடிந்தது: வெளியே 5,300 ரூபாய், கம்பெனி எஸ்டிமேட் 10,100. மிச்சம் 15,000இலிருந்து 19,800 ஆகிறது. இனி விற்பனை.

9 ஆகஸ்டு 2025

பழைய கார்களை வாங்கும் ஒரு நிறுவனத்திலிருந்து இன்று காலை ஓர் இளைஞர் வந்தார். கன்னடத்தில் மிகப் பணிவாகப் பேசினார். கையில் டேப்லெட், பெயிண்டின் தடிமனை மைக்ரானில் காட்டும் சிறு கருவி, காரின் கணினியோடு இணைத்துப் பழுதைப் படிக்கும் ஓபிடி ஸ்கேனர். ஒவ்வொரு கதவிலும் பானெட்டிலும் மூன்று மூன்று இடங்களில் கருவியை வைத்துப் பார்த்தார். இடப்பக்கப் பின்கதவில் மட்டும் எண் எகிறியதும் நின்று படம் எடுத்தார். 2019இல் பைக் உரசி மறுபூச்சு அடித்த இடம் அது. ஆயில் மூடியைத் திறந்து பார்த்தார். குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்து சைலன்சர் புகையைப் பார்த்தார். டயரின் பக்கவாட்டில் உள்ள தயாரிப்பு வாரத்தைக் குறித்தார். நாற்பது நிமிடம்.

ஒன்பது ஆண்டு பில்களை வரிசைப்படி அடுக்கி, துணிப்பையில் வைத்து, மேசைமேல் தயாராக வைத்திருந்தேன். “சர்வீஸ் ரெக்கார்டு பார்க்கிறீர்களா?” என்று நானே கேட்டேன். “தேவையில்லை சார், இரண்டாவது சாவி இருக்கிறதா?” என்றார். இருந்தது. இல்லையென்றால் அதற்குத் தனியாகக் கழிப்பார்களாம். லோன் முடிந்ததா, ஆர்.சி.யில் அடமானக் குறிப்பு நீங்கியதா என்று கேட்டார்.

மாலையில் விலை வந்தது: 3,12,000. புதிய கார் ஷோரூமில் எக்ஸ்சேஞ்சுக்கு 2,95,000, அதன்மேல் 20,000 போனஸ். இரண்டு இடத்திலும் கோப்பைத் திறந்து பார்க்கவில்லை. மார்ச்சில் நான் சொன்னது சரிதான் என்று தோன்றுகிறது.

17 ஆகஸ்டு 2025

தோன்றியது, ஆனால் முழுவதும் சரியில்லை.

லிங்கராஜபுரம் பக்கம் பழைய கார்களை வாங்கி விற்கும் ஒருவரிடம் நேற்று காட்டினேன். எங்கள் ஊர்க்காரர், முப்பது ஆண்டுத் தொழில். காரைச் சுற்றிவரப் பத்து நிமிடம்கூட எடுக்கவில்லை. 3,15,000 சொன்னார். பிறகு கோப்பைப் புரட்டி, 2021க்குப் பின் வெளி பில் என்பதைக் கண்டதும், “கடைசிவரைக்கும் கம்பெனி பில் இருந்திருந்தா இன்னொரு பத்து கூடப் போட்டிருப்பேன் சார்” என்றார். ஏன் என்று கேட்டேன். காரின் தரத்தைப் பற்றி அவருக்குச் சந்தேகமே இல்லை. எஞ்சின் சத்தத்தைக் கேட்டே முடிவு செய்துவிட்டார். ஆனால் அவரிடம் வாங்க வரும் குடும்பத்தார், எந்தக் கம்பெனி சர்வீஸ் சென்டரிலும் வண்டி எண்ணைச் சொல்லிக் கடைசியாக எத்தனை கிலோமீட்டரில் வந்தது என்று விசாரித்துவிடுவார்கள். 2021இல் பதிவு நின்றுபோன காரை அவர்களிடம் விற்க, அவர் அரை மணி நேரம் கூடுதலாகப் பேச வேண்டும். அந்த அரை மணி நேரத்தின் விலை பத்தாயிரம்.

ஆக, எனக்குக் கிடைத்த முதல் உண்மையான எண் இது. 50,000 இல்லை, பூஜ்யமும் இல்லை: 10,000. அதற்காக நான் கூடுதலாகக் கட்டியிருக்க வேண்டியது 19,800.

மீட்டரைத் திருத்தி ஓட்டத்தைக் குறைத்துக் காட்டுவது நம் ஊர்ச் சந்தையில் சகஜமாகிவிட்டதால், வாங்குபவர் சர்வீஸ் ரெக்கார்டில் தேடுவது ஆயிலின் தரத்தை விடவும் கிலோமீட்டரின் நேர்மையைத்தான் என்பது இந்த உரையாடலில்தான் எனக்குத் தெளிவானது. இதை மார்ச்சிலேயே நான் யோசித்திருக்க வேண்டும்.

31 ஆகஸ்டு 2025

தனியாருக்கே விற்பது என்று தீர்மானித்து 3,75,000 என்று விளம்பரம் கொடுத்திருந்தேன். இன்று ராமமூர்த்தி நகரிலிருந்து ஒரு தம்பதி வந்தார்கள். கணவர் ஒரு தணிக்கையாளரிடம் கணக்கு எழுதுகிறார், மனைவி செவிலியர். கூடவே மனைவியின் தந்தை. அரசுப் பேருந்து ஓட்டுநராக இருந்து ஓய்வு பெற்றவர், தர்மபுரிக்காரர். மருமகன் காரைப் பார்த்தார். மாமனார் கோப்பைக் கேட்டார்.

திண்ணையில் உட்கார்ந்து, கண்ணாடி போட்டுக்கொண்டு, ஒவ்வொரு பில்லிலும் தேதியை விட்டுவிட்டுக் கிலோமீட்டரை மட்டும் ஒரு துண்டுத்தாளில் எழுதிக்கொண்டே வந்தார். 2021 ஆகஸ்டு கம்பெனி பில்: 38,400. அடுத்தது 2022 ஆகஸ்டு, வெளி கேரேஜ், கையால் எழுதிய பில். அதில் விரலை வைத்து நிறுத்தி, “தம்பி, இது என்ன?” என்றார். 36,900 என்று எழுதியிருந்தது. ஓராண்டு ஓடியபின் கிலோமீட்டர் 1,500 குறைந்திருக்கிறது! மெக்கானிக் 46,900 என்று எழுத வேண்டியதில் முதல் இலக்கத்தைத் தவறாகப் போட்டிருக்கிறார். மூன்று ஆண்டுகளாக என் கையில் இருந்த காகிதம். நான் ஒருமுறைகூட அதைக் கவனிக்கவில்லை.

என் விளக்கத்தை அவர் மரியாதையாகக் கேட்டார். நம்பினாரா என்பது முகத்தில் தெரியவில்லை. மருமகனின் முகம் வாடிவிட்டது. அப்போதுதான் 2022 ஜூனில் நான்கு டயரும் மாற்றியது நினைவுக்கு வந்தது. டயர்க்கடையின் கணினி பில்லில், வாரன்டிக்காக ஓட்டத்தையும் பதிந்திருந்தார்கள்: 45,700. பெரியவர் துண்டுத்தாளில் 38,400க்கும் அடுத்த பில்லின் 53,700க்கும் நடுவே அதை எழுதி, 36,900ஐ அடித்து மேலே 46,900 என்று திருத்திவிட்டுத் தலையை ஆட்டினார்.

அடுத்த கேள்வி இன்னும் கூர்மையானது: “2022 செப்டம்பர்ல மழைத் தண்ணி நின்னுச்சே, வண்டி எங்க இருந்துச்சு?” பெல்லந்தூர், சர்ஜாபூர் ரோடு, வெளிவட்டச் சாலை எல்லாம் மூழ்கிய அந்த வாரத்தில் என் கார் அல்சூரில் வீட்டு வாசலில்தான் நின்றது. ஆனால் அதை எப்படி நிரூபிப்பது? இன்சூரன்ஸ் தாளை நீட்டினேன். ஐந்து ஆண்டு தொடர்ந்து க்ளெய்ம் இல்லாதவருக்கே நோ க்ளெய்ம் போனஸ் (பிரீமியத்தில் தரும் தள்ளுபடி) 50 சதவீதம் வரும். எனக்கு 2022இலிருந்து இந்த ஆண்டு வரை இடையில் உடையாமல் 50 சதவீதம் இருக்கிறது. தண்ணீர் புகுந்த காரை இன்சூரன்ஸ் இல்லாமல் சொந்தச் செலவில் சரிசெய்பவர் அரிது என்பதால் அதை அவர் ஏற்றுக்கொண்டார்.

காலிப் பெட்டிகளின் படங்களையும் காட்டினேன். பெரியவரின் மகள்தான் அவற்றை ஆர்வமாகப் பார்த்தார். பிரேக் பேடின் படத்தைப் பெரிதாக்கிப் பாக எண்ணைப் படித்தார். 3,58,000க்குப் பேசி முடித்தோம். ஜிஎஸ்டி குறையப் போவதாகச் செய்தி வருவதால் ஒரு வாரம் பொறுத்து முன்பணம் தருவதாகச் சொல்லிப் போயிருக்கிறார்கள்.

5 செப்டம்பர் 2025

ஜிஎஸ்டி கவுன்சில் முடிவு செய்துவிட்டது. 1,200 சிசிக்குள், நான்கு மீட்டருக்குள் உள்ள பெட்ரோல் காருக்கு செஸ் என்ற கூடுதல் வரியோடு சேர்த்து 29 சதவீதமாக இருந்த வரி, செப்டம்பர் 22 முதல் 18 சதவீதம். புதிய கார் மலிவானால் பழையது அசையாமல் நிற்குமா? முன்பு 3,12,000 சொன்ன நிறுவனத்தை மறுபடி கேட்டேன், 2,94,000 என்கிறார்கள். எந்த சர்வீஸ் ரெக்கார்டும் கூட்டவோ குறைக்கவோ முடியாத அளவுக்கு ஒரு வரி அறிவிப்பு இரண்டு நாளில் குறைத்துவிட்டது.

28 செப்டம்பர் 2025

நேற்று விற்றாகிவிட்டது: 3,42,000. பெரியவர்தான் பேசி முடித்தார். “புது வண்டி விலை எறங்கிடுச்சு தம்பி, ஆனா இந்த வண்டியோட கதை எனக்குத் தெரியும்” என்றார். உரிமை மாற்றத்துக்கான படிவம் 29, 30 இரண்டிலும் கையெழுத்திட்டேன். இன்சூரன்ஸைப் பதினான்கு நாளுக்குள் அவர்கள் பெயருக்கு மாற்றச் சொல்லியிருக்கிறேன். என் நோ க்ளெய்ம் போனஸ் என்னோடு வரும். அதற்கான சான்றிதழுக்கு எழுதிக் கேட்டிருக்கிறேன்.

கணக்கு கேட்பவர்களுக்கு: நிறுவனத்தின் விலைக்கும் எனக்குக் கிடைத்ததற்கும் 48,000 ரூபாய் வித்தியாசம். இதை முழுவதும் கோப்பின் வருமானம் என்று எழுத ஆசையாக இருந்தது, அது நியாயமில்லை. இடையில் வாங்கி விற்பவருக்கு லாபம் வேண்டும், அந்த லாபத்தில் 18 சதவீதம் ஜிஎஸ்டியும் அவர் கட்ட வேண்டும்; நேரடியாக விற்றால் எப்படியும் கூடுதலாகத்தான் கிடைக்கும். கோப்பு இல்லாவிட்டால் ஆகஸ்டு 31ஆம் தேதியே அந்தத் தம்பதி எழுந்து போயிருப்பார்கள் என்பதை மட்டும் உறுதியாகச் சொல்வேன்.

தம்பி, உங்கள் கேள்விக்கு மார்ச்சில் சொன்னதைத் திருத்திச் சொல்கிறேன். வாரன்டி இருக்கும்வரை கம்பெனி. அதன்பின் உங்கள் காரைப் போன்ற எளிய பெட்ரோல் காரை நிறுவனத்துக்கோ எக்ஸ்சேஞ்சுக்கோ கொடுக்கும் எண்ணம் இருந்தால், எங்கே நல்ல வேலையோ அங்கே விடுங்கள். அவர்கள் பார்ப்பது இரும்பையும் பெயிண்டையும். குடும்பத்துக்கு நேரடியாக விற்பதாக இருந்தால் வெளியே விடலாம், ஆனால் பில்லில் தேதி, வண்டி எண், கிலோமீட்டர், பாக எண் நான்கும் இருக்க வேண்டும். சேவைத் தொழிலில் ஆண்டு வரவு 20 லட்சத்துக்குள் இருக்கும் சிறு கேரேஜுக்கு ஜிஎஸ்டி பதிவு கட்டாயமில்லை. ஆகவே ஜிஎஸ்டி எண் இல்லாத பில் என்றால் ஏமாற்று என்று நினைக்க வேண்டாம். கையால் எழுதிய பில்லானாலும் போதும். வாங்கிய அன்றே ஒருமுறை படித்துப் பாருங்கள். நான் படிக்கவில்லை.

19 அக்டோபர் 2025

தீபாவளிக்கு முதல் நாள் மெக்கானிக்கிடம் இனிப்பு கொடுக்கப் போனேன். என் பழைய கார் அங்கே லிஃப்டில் நின்றுகொண்டிருந்தது. பெரியவர் மெக்கானிக்கின் எண்ணை என்னிடம் அன்றே வாங்கியிருந்தார். ஊருக்குப் போகும் முன் பிரேக் பார்க்கக் கொண்டுவந்து விட்டிருக்கிறார். 36,900 கதையை மெக்கானிக்கிடம் முழுவதும் சொல்லியும் இருக்கிறார்.

மேசையில் புதிய பில் இருந்தது. கிலோமீட்டர் என்ற இடத்தில் 65,120 என்று எண்ணால் எழுதி, அதன் கீழே, காசோலையில் எழுதுவதுபோல், எழுத்தாலும் எழுதியிருந்தார்: அறுபத்தைந்தாயிரத்து நூற்று இருபது.